பல்லில் கடித்துக்கொள்ள ஒரு டார்ச்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். செல்லூர்ச் சந்து முழுக்கச் சகதி. மாடிப்படி விளக்கு மறுபடியும் போச்சு. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எலக்ட்ரீசியன் வாரேன்னுருக்கான் சார்." போன தீபாவளியிலிருந்து வந்துகொண்டிருக்கிறான்.

நேற்று அந்தப் படியில் போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஏறினேன். பாதியில் சார்ஜ் தீர்ந்தது. யாரோ காயவைத்த குடையில் கால் சிக்கி முழங்கால் சிராய்ப்பு. சாந்தி மருந்து தடவிக்கொண்டே: "ஊரு விவகாரம் பூராம் தெரியும். ஒரு டார்ச் வாங்கத் தெரியாது."

வாங்க வேண்டும். பெரியது வேண்டாம். பெரிய டார்ச்சுகளை எல்லாம் பஸ்ஸிலும் டீக்கடையிலும் வைத்துவிட்டு வந்தவன் நான். சாவியை மட்டும் இதுவரை தொலைத்ததில்லை. ஆகவே சாவிக்கொத்தில் தொங்கும்படி ஒன்று.

வேண்டியவை:
- கட்டைவிரலை விடப் பெரிதாக இருக்கக் கூடாது.
- பாக்கெட்டுக்குள் தானாக எரியக் கூடாது. (ஒரு துக்க வீட்டில் என் வேட்டி மடிப்பு ஒளிவிட்டது. இறந்தவரின் மைத்துனர் சிரிப்பை அடக்க எழுந்து வெளியே போனார்.)
- பல்லில் கடித்துக்கொள்ள வர வேண்டும். இருட்டில் குறிப்பு எடுக்க ஒரு கை நோட்டுக்கு, ஒரு கை பேனாவுக்கு. மிச்சம் இருப்பது வாய்தான்.
- வெளிச்சம் பலமாக. மடைக்குள் குனிந்து பார்க்க.

பட்டியலில் கடைசியாக எழுதியது பரவை வேலைக்காக. பரவை தாண்டி உள்ளே, கண்மாயிலிருந்து வரும் கிளை வாய்க்காலை பிளாட் போடும் கம்பெனி ஒன்று கிராவல் கொட்டி மூடிவிட்டது. வாய்க்காலே கிடையாது, மழைத்தண்ணீர் ஓடிய பள்ளம்தான் என்கிறது கம்பெனி. சுற்றி நிலம் வைத்திருப்பவர்களில் பலர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டாயிற்று. தவமணி போடவில்லை. கணவர் இல்லை. கண்மாய்த் தண்ணீர் அந்த வாய்க்கால் வழியாகத்தான் அவர் வயலுக்கு வர வேண்டும். நாற்று தயார். அடுத்த வாரம் வெள்ளி தாசில்தார் பார்வையிடுகிறார். அதற்கு முன் எங்கள் பேப்பரில் செய்தி வர வேண்டும்.

"எம் பேரப் போட்டே எழுதுங்க சார். நான் பயப்படல" என்று சொல்லியிருக்கிறார். பேரோடு பேச ஊரில் அவர் ஒருவர்தான்.

போன வருஷம் மழைச் செய்திக்குப் போனபோது அதே வாய்க்கால் கரை தொட்டு ஓடுவதை எங்கள் போட்டோகிராபர் செல்வம் படம் எடுத்தான். அந்தப் படம் இருந்தால் பள்ளம் என்று யாரும் சொல்ல முடியாது. தேடித் தருகிறேன் என்றிருக்கிறான்.

நவம்பர் 5, புதன்

வெயில். புழுக்கம்.

துளசிராம் கடை. மாசி வீதியிலிருந்து பிரியும் சந்தில், பித்தளைப் பாத்திரக் கடைக்கு அடுத்தது. மனைவியோடு வீட்டு மொழியில் ஏதோ தர்க்கம். என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறினார். "வாங்க சார். டைனமோ லைட்டா?" நான் சைக்கிள் விட்டு எத்தனையோ வருஷம். அவருக்கு நான் இன்னும் சைக்கிளில்தான் இருக்கிறேன்.

மூன்று எடுத்துப் போட்டார்.

ஒன்று, பிளாஸ்டிக். வாட்ச் பேட்டரி. அமுக்கிப் பிடித்தால்தான் எரியும். விரல் எடுத்தால் அணையும். பல்லால் அமுக்கிப் பார்த்தேன். எச்சில்.

"சார், கடிச்சா வாங்கணும்."

"கடிச்சுப் பாக்காம எப்படி வாங்குறது?"

"டார்ச்சத்தான சொல்றீங்க? முறுக்கு வாங்க வந்த மாதிரி பண்றீங்களே."

இரண்டு, போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறுவது. வெளிச்சம் அபாரம். ஆனால் தட்டையாக, அகலமாக, தீப்பெட்டி போல. கடித்தால் தாடை வலிக்கிறது.

மூன்று, உருளை. வாய்க்குச் சரி. வெளிச்சம் மட்டும் நீலம் பாய்ந்தது. நோட்டில் அடித்துப் பார்த்தேன். நீல மைக் கையெழுத்து வெளிறிப் போகிறது. என் கையெழுத்து ஏற்கெனவே எனக்கே புரியாது.

"கறுப்பு மையில எழுதுங்க சார்" என்றார் துளசிராம். யோசனை நல்லதுதான். ஆனாலும் வாங்கவில்லை. அவர் முகம் கோணாமல் எல்லாவற்றையும் துணியால் துடைத்து உள்ளே வைத்தார். குறிப்பாக, கடித்த இடங்களை.

மாலை நகைக்கடைத் திறப்பு விழா. பத்திரிகைக்காரர்களுக்குப் பரிசுப் பை. வழக்கம்போல் வாங்காமல் வந்தேன். வாசலில் நின்ற பெண் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தது. "சார், எல்லாரும் வாங்கிட்டாங்க சார், நீங்க மட்டும்தான்." வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் மட்டும்தான். பெருமை இல்லை. பழக்கம்.

நவம்பர் 7, வெள்ளி

மழை வரும் போலிருந்தது. வரவில்லை.

ஆபீஸ் வாசலில் செல்வம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, "அண்ணே, கையக் காட்டுங்க."

காட்டினேன். உள்ளங்கையில் ஒரு டார்ச்.

"எதுக்குண்ணே கடை கடையா ஏறிக் கடிச்சுக்கிட்டுத் திரியறீங்க? துளசிராம் சொல்லிச் சிரிக்கிறாரு. சென்னை போனப்ப வாங்குனேன். ஒங்களுக்குன்னே எடுத்தது."

கறுப்பு உலோகம். கட்டைவிரலில் முக்கால். தலையைத் திருகினால் எரியும், திருகினால் அணையும். பாக்கெட்டில் தானாக எரிய வழியே இல்லை. வெளிச்சம் லேசான மஞ்சள். நோட்டில் மை தெளிவாகத் தெரிகிறது. எதிர்ச் சுவர் போஸ்டரில் அச்சகத்தின் பெயர்கூடப் படிக்க முடிந்தது. கடித்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது போல.

பக்கவாட்டில் ஓர் இடம் மட்டும் கறுப்பு போய் வெள்ளையாக. "பெட்டிக்குள்ள உரசியிருக்கும்ணே."

சாவி வளையத்தில் கோக்க எனக்கு வரவில்லை. நகம் வெட்டிவிட்டேன். செ. வாங்கி, கட்டைவிரல் நகத்தால் நெம்பிக் கோத்துக் கொடுத்தான். என் வண்டியின் பின்சீட்டிலும் அவன் வண்டியின் பின்சீட்டிலுமாக ஜில்லா முழுக்கச் சுற்றியிருக்கிறோம். நான் பை வாங்காதவன் என்று எல்லோருக்கும் தெரியும். இவன் கொடுப்பது அந்தக் கணக்கில் வராது. காசு எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வான்.

"படம்?"

"தேடிக்கிட்டிருக்கேண்ணே. பழைய கார்டுல கெடக்கும்."

நவம்பர் 8, சனி

படியில் சிங்கம் போல ஏறினேன். கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "என்ன சார், சினிமா ஷூட்டிங்கா?"

சாந்தியின் தோட்டுத் திருகு கட்டிலுக்கு அடியில் விழுந்தது. டார்ச் கண்டுபிடித்தது. திருகைப் போட்டுக்கொண்டு டார்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ஒரசுன மாதிரி இல்லயே. சொரண்டுன மாதிரி இருக்கு. ஒரே பக்கமா, பிளேடு வச்சு."

"செல்வம் ஆசையாக் குடுத்தது. அதுலயும் குத்தமா?"

"குத்தம் சொல்லல. பாத்ததச் சொன்னேன்."

தட்டைப்பயறு, மோர். கேஸ் சிலிண்டர் பதிந்தாயிற்று. பல் டாக்டர் செவ்வாய்.

நவம்பர் 10, திங்கள்

பரவை. செ. வரவில்லை. கேமரா சர்வீஸுக்குப் போயிருக்கிறதாம். தனியாகப் போனேன்.

வானம் மூட்டம். வெளிச்சம் சீக்கிரமே மங்கியது. தவமணி வயலில் காத்திருந்தார். காலில் சேறு, தலையில் துண்டு. நாற்றங்கால் பச்சை பச்சையாக. "இன்னும் கொஞ்ச நாளுதேன் சார். பிடுங்கி நடலைன்னா முத்திப் போயிரும்."

வரப்பில் முன்னே நடந்தார். நிறையப் பேசினார். மாமனார் காலத்தில் மடை எங்கே இருந்தது, யார் யாருக்கு எந்தக் கிழமை தண்ணீர், லாரி முதலில் வந்த அன்று தான் குறுக்கே போய் நின்றது. "டிரைவரு எறங்கி வந்து, அக்கா, நான் கூலிக்காரேன், எம்மேல கோவப்படாதீகன்னான். அவன என்னத்தச் சொல்ல? தண்ணி குடுத்து அனுப்புனேன்."

கிராவல் மேட்டுக்கு அடியில் பழைய மடையின் கல் விளிம்பு கொஞ்சம் தெரிகிறது என்றார். குனிந்தேன். இருட்டு. சாவிக்கொத்தை எடுத்து, டார்ச்சைத் திருகி, பல்லில் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். கல் தெரிந்தது. வேலைப்பாடு உள்ள கல். வாய்க்கால் இல்லாத இடத்தில் யாரும் மடை கட்டமாட்டார்கள்.

பின்னால் பேச்சு நின்றுபோனதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். திரும்பினேன். வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. கையால் மறைத்துக்கொண்டார்.

"நல்ல லைட்டு" என்றார்.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தேன். அதன் பக்கவாட்டில் வெள்ளையாக இருந்த இடத்தை அவர் உற்றுப் பார்த்தார். "அப்புறம்? லாரி வந்தது சொன்னீங்க" என்றேன்.

"ஒண்ணுமில்ல. இருட்டிருச்சு. போங்க."

"வெள்ளிக்கிழமை தாசில்தார்கிட்ட..."

"எம் பேரு போட வேணாம். நான் ஒண்ணும் சொல்லல. நீங்களும் ஒண்ணும் கேக்கல."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கூப்பிட்டேன். திரும்பவில்லை. முதல் தடவை போனபோது மோர் கொடுத்து ரோடு வரை வந்து வழியனுப்பியவர்.

நவம்பர் 11, செவ்வாய்

தவ. போன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். கட் செய்தார்.

செய்தி ஆசிரியர்: "பேரில்லாம, படமில்லாம என்னத்தப் போடுறது? நாளைக்குக் கம்பெனிக்காரன் வக்கீல் நோட்டீஸ் விட்டா?" நியாயம்.

யாரோ மிரட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது. செ.விடம் சொன்னேன். லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான். (கேமரா வந்துவிட்டதா? கேட்கவில்லை.)

"பயந்துருப்பாகண்ணே. பொம்பள ஆளு. விடுங்க. எம்புட்டோ செய்தி வருது."

"வாய்க்கால் படம்?"

"அதச் சொல்ல மறந்துட்டேண்ணே. அந்தக் கார்டு கெட்டுப்போச்சு. கம்ப்யூட்டர்ல சொருகுனா ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது."

அவனுடைய கார்டு கெட்டதாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் ஏற்றி வைப்பவன். மழைக்கு என்னை நனையவிட்டு கேமராவுக்குக் குடை பிடிப்பவன்.

பல் டாக்டர்: "எதையாவது கடிக்கிற பழக்கம் உண்டா?"

நவம்பர் 12, புதன்

காலையிலேயே பரவை. மார்க்கெட் பக்கம் டீக்கடை. வெங்காய மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. டீ சொல்லிவிட்டுப் பணம் எடுக்கப் பையில் கை விட்டேன். சாவிக்கொத்தும் சேர்ந்து வந்தது. மேஜையில் வைத்தேன்.

பக்கத்தில் நின்றவர் பேச்சை நிறுத்தினார். தன் வண்டிச் சாவியை எடுத்து என் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார். அதே டார்ச். அதே கறுப்பு. அதே திருகு. என்னுடையதில் வெள்ளையாகச் சுரண்டிய இடத்தில், அவருடையதில் கம்பெனியின் பேர்.

"எங்க வாங்குனது?" என்றேன்.

"வாங்குனதா? கையெழுத்துப் போட்டவுகளுக்குப் பூமி பூசை அன்னைக்குக் குடுத்தது. ஆளுக்கு ஒண்ணு." டீக்கடைக்காரரைக் காட்டினார். அவர் பெஞ்சுக்கு அடியிலிருந்து தன்னுடையதை எடுத்து ஒருமுறை எரியவிட்டு அணைத்தார்.

"சாருக்கும் குடுத்துருக்காக. பேர மட்டும் சொரண்டிட்டாரு."

"பேப்பர்காரவுகல்ல மாப்ள. அவுகளுக்கு வெக்கமா இருக்குமில்ல."

சிரிப்பு. பகையான சிரிப்புகூட இல்லை. தங்களில் ஒருவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. டீயைக் குடித்து முடித்தேனா என்று நினைவில்லை.

நேராகத் தவமணி வயல். நாற்றங்காலில் களை பறித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கம்பெனி கொடுத்தது என்று எனக்குத் தெரியாது, சிநேகிதர் ஒருவர் கொடுத்தார், சென்னையில் வாங்கியதாகச் சொன்னார். சொல்லச் சொல்ல என் காதுக்கே பொய் மாதிரி இருந்தது. இப்படிச் சொன்ன எத்தனை அதிகாரிகளை நான் நம்பாமல் எழுதியிருக்கிறேன்.

"சிநேகிதரு குடுத்தாராக்கும்."

"ஆமா."

"பேரச் சொரண்டிக் குடுத்தாராக்கும்."

கையில் இருந்த களையை வரப்பில் எறிந்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த ஊர்ல அம்புட்டுப் பேரு மடியிலயும் அந்த லைட்டு கெடக்கு. எங் கொழுந்தன் வச்சிருக்காரு. அவுகள்ளாம் வெளிப்படையா வச்சிருக்காக சார். வாங்குனோம், ஆமான்றாக. நீங்க பேர அழிச்சுப்புட்டு எங்கிட்ட வந்து, எங்க மடைக்குள்ளயே அந்த லைட்ட அடிச்சுக் கத கேட்டீகளே. அதேன் எனக்குத் தாங்கல."

மறுபடி குனிந்துகொண்டார். களையைப் பிடுங்கி வரப்பில் எறியும் சத்தம் மட்டும்.

நவம்பர் 13, வியாழன்

நேற்று எதுவும் சாப்பிடவில்லை என்று சாந்தி சொன்னபிறகுதான் தெரிந்தது.

செ.வை ஆபீஸுக்குப் பின்னால் டீக்கடைக்குக் கூப்பிட்டேன். வழக்கமான பெஞ்ச். சாவிக்கொத்தை நடுவில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"யாருண்ணே சொன்னது?"

இதுதான் முதல் கேள்வி. இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

"என்ன செஞ்ச அவங்களுக்கு?"

"வீடியோண்ணே. விளம்பரத்துக்கு. டிரோன் விட்டு எடுத்துக் குடுத்தேன். அது தொழில். கல்யாணம் எடுக்குறதில்லயா நான்? அந்த மாதிரி."

"வாய்க்கால் படம்?"

பெஞ்சின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். பிறகு: "அவுக கேட்டாக. அழிச்சிருங்கன்னாக. அழிச்சுட்டேன்."

"ரெண்டு எடத்துலயும்?"

"ரெண்டு எடத்துலயும்."

டீ வந்தது. என்னுடையதில் சர்க்கரை இல்லாமல் அவனே சொல்லியிருந்தான். அது இன்னும் நினைவிருக்கிறது அவனுக்கு.

"சரி. அது தொழில். டார்ச்ச எதுக்கு எனக்குக் குடுத்த?"

"சத்தியமா ஒங்களச் சிக்கவைக்க இல்லண்ணே. எனக்கு ரெண்டு குடுத்தாக. நல்ல டார்ச்சு. நீங்க அலையறீங்களேன்னுதான்..."

"பேர ஏன் சுரண்டுன?"

"பேரு இருந்தா நீங்க வாங்க மாட்டீங்களேண்ணே."

இதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒளிவு இல்லை. பிரியத்தோடுதான் சொன்னான். என்னை அவ்வளவு நன்றாகத் தெரியும் அவனுக்கு. எங்கே சுரண்டினால் நான் வாங்குவேன் என்பது வரை தெரியும். படத்தை அழித்ததைக்கூட நாளைக்கு மறந்துவிடுவேனோ என்னவோ. பிளேடை எடுத்து உட்கார்ந்து பேரைச் சுரண்டியிருக்கிறானே, அந்த நேரத்தில் என்னைப் பற்றித்தானே நினைத்திருப்பான்.

டார்ச்சை வளையத்திலிருந்து கழற்றப் பார்த்தேன். நகம் இல்லை. வளையம் பிளக்கவே மாட்டேன் என்றது. நான் போராடுவதைப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் கை நீட்டினான்.

"குடுங்கண்ணே, நான் எடுத்துத் தாரேன்."

கொடுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் சாந்தி ஊக்கை வைத்து நெம்பிக் கழற்றினாள். ஏன் என்று கேட்கவில்லை. அன்று பார்த்ததைச் சொன்னவள், இன்று பார்த்ததைச் சொல்லவில்லை.

மாலை துளசிராம் கடை. "அந்த நீல வெளிச்சம்."

"நீங்க கடிச்சுப் பாத்ததேதான சார்? தனியா எடுத்து வச்சிருக்கேன். வேற யாருக்குக் குடுக்க முடியும்?" அவரே வளையத்தில் கோத்துத் தந்தார். பில் கேட்டு வாங்கினேன். ஆச்சரியமாகப் பார்த்தார்.

கறுப்பு மைப் பேனா ஒன்றும்.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டு விட்டு. தாசில்தார் பார்வையிட்ட செய்தியை இரவே அனுப்பியாயிற்று. படம் இல்லை. செ. ஆபீஸுக்கு வரவில்லை. மூன்று முறை போன் அடித்தான். எடுக்கவில்லை.

தாசில்தார் மதியம் வருவதாகச் சொல்லி, பொழுது சாயும்போது வந்தார். மூட்டத்தில் அதற்குள் இருட்டிவிட்டது. கம்பெனி ஆட்கள் குடை பிடித்தார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் கூட்டமாக ஒருபுறம். எதிரே தவமணி தனியாக. நான் எந்தப் பக்கமும் சேராமல் ரோட்டோரம்.

"வாய்க்கால்னு சொல்றீங்களே, எங்கம்மா இருக்கு?" என்றார் தாசில்தார்.

தவமணி பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன். பேசினார். எனக்குச் சொன்னதை எல்லாம், எனக்குச் சொன்னதைவிட நன்றாக. மாமனார், முறைத் தண்ணீர், லாரி. "மடைக் கல்லு இந்தா, இதுக்கடியில இருக்கு. வந்து பாருங்க சார்."

தாசில்தார் குனிந்தார். "ஒண்ணும் தெரியலயே. யார்ட்டயாவது லைட் இருக்கா?"

கூட்டம் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை பேர் மடியிலும் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. தவமணி அவர்கள் பக்கம் திரும்பி, "எடுங்கய்யா. அவுக குடுத்ததுதான? எரியாதா?" என்றார்.

கொழுந்தனார்தான் முதலில் எடுத்தார். அப்புறம் டீக்கடைக்காரர். அப்புறம் ஒவ்வொன்றாக. கம்பெனியின் டார்ச் அத்தனையும் கம்பெனி மூடிய மடையின் மேல். கல் விளிம்பு, அதன் வளைவு, சுண்ணாம்புப் பூச்சு எல்லாம் தெரிந்தது. தாசில்தார் நீண்ட நேரம் பார்த்தார். கிராவலை எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றார். எழுதிக்கொண்டேன். கறுப்பு மை நன்றாகவே தெரிகிறது.

படம் எடுக்க செல்வம் இருந்திருக்க வேண்டிய காட்சி.

பிறகு வாக்குமூலம். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதினார்கள். கூட்டம் கலைந்து டார்ச்சுகள் எல்லாம் போய்விட்டன. தவமணி கையெழுத்துப் போடக் குனிந்தார். கோடு எங்கே என்று தெரியாமல் விரலால் தடவினார். நான் இரண்டடி முன்னால் போய் டார்ச்சைத் திருகினேன். பேர் இல்லாத, சுரண்டாத, பில் போட்டு வாங்கிய டார்ச். நீல வெளிச்சம் தாளில் விழுந்தது.

அவர் வெளிச்சத்தைப் பார்த்தார். அது வந்த கையைப் பார்த்தார். தாளை எடுத்து ஜீப்பின் மறுபக்கம் கொண்டுபோய், டிரைவரின் போனைக் காட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.